அடம் பிடிக்கும் வரைபடம்

திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? கோயிலின் கிழக்கு வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த இராஜகோபுரம். பதினொரு நிலைகள், 217 அடி உயரம். சுதைச் சிற்பங்களைச் சற்று மறந்துவிட்டு வெளிக்கோட்டை மட்டும் நோக்கினால், அடி அகன்று மேலே குறுகும் ஒரு சரிவகம் தெரியும்.

பள்ளிக் கண்காட்சிக்கு அட்டையில் இந்தக் கோபுரத்தைச் செய்ய விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபிரீகேட் என்ற இலவச மென்பொருளில் முகப்பை வரைகிறீர்கள். நான்கே கோடுகள்தானே! ஆனால் அளவுகளைக் கொடுக்கத் தொடங்கியதும் கணிப்பொறி முரண்டு பிடிக்கிறது. நிபந்தனைகள் மிகுதி என்று எச்சரிக்கிறது. ஒன்றை நீக்கினாலோ கோடு வேறெங்கோ நழுவுகிறது. அப்படியே அட்டையை வெட்டினால் அட்டை வீண். எங்கே பிழை?

ஒரு கொத்தனார் வேலை செய்வதைக் கவனித்திருப்பீர்கள். படுக்கை சரியா என்று ரசமட்டம் சொல்லும். செங்குத்தைத் தூக்குக்குண்டு சொல்லும். செங்கோணத்தை மூலைமட்டம் சொல்லும். வரைபட மென்பொருளில் இவற்றின் வேலையைச் செய்பவையே நிபந்தனைகள். இது புதிய எண்ணமும் அன்று. 1963-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்ற ஆய்வு மாணவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடுகளைக் கிறுக்கி, “இவ்விரண்டும் இணையாக இருக்கட்டும்” என்று கட்டளையிட்டால், கணிப்பொறியே அவற்றைத் திருத்தி அமைத்தது.

இப்போது நம் சரிவகத்துக்கு வருவோம். அதற்கு நான்கு மூலைகள். ஒவ்வொரு மூலையும் இடவலமாக நகரலாம், மேல்கீழாகவும் நகரலாம். ஆக, மொத்தம் 8 சுதந்திரங்கள். ஒரு நிபந்தனை, அது புதிய செய்தியாக இருந்தால், ஒரு சுதந்திரத்தையோ இரண்டையோ பறிக்கும். எட்டும் தீர்ந்தால் படம் அசையாது. ஃபிரீகேட் அதைப் பச்சை நிறமாக்கிக் காட்டும்.

கவனியுங்கள், புதிய செய்தியாக இருந்தால்! வம்பு இங்கேதான். அடிக்கோட்டை ஏறத்தாழப் படுக்கையாக இழுத்ததுமே மென்பொருள் தானாக ஒரு ‘படுக்கை’ நிபந்தனையைச் சேர்த்துவிடுகிறது. மேல்கோட்டுக்கும் அப்படியே. பிறகு நீங்கள், கோபுரம் இருபுறமும் ஒத்திருக்க வேண்டுமே என்று, நடு அச்சைப் பொறுத்துச் சமச்சீர் கொடுக்கிறீர்கள். சமச்சீர் என்பதன் பொருள் என்ன? இரு முனைகளும் அச்சிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும்; ஒரே உயரத்திலும் இருக்க வேண்டும். ஒரே உயரம் என்றாலே படுக்கைதானே! சொன்னதையே இரண்டாம் முறை சொல்லியிருக்கிறீர்கள். முக்கோணத்தில் இரண்டு கோணங்களைக் கொடுத்துவிட்டு மூன்றாவதையும் கொடுப்பது போன்றது இது. படுக்கை நிபந்தனைகள் இரண்டையும் நீக்கிவிடுங்கள், எச்சரிக்கை மறையும்.

இரு கோடுகளின் சமச்சீரும் சேர்ந்து நான்கு சுதந்திரங்களைப் பறித்தன. மீதி நான்கு. அடிக்கோட்டின் ஒரு முனையைக் கிடைமட்ட அச்சின்மேல் வையுங்கள். ஓர் அடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் உயரம் 217 கொடுங்கள். அகலங்களை நாமே தேர்ந்துகொள்வோம்: அடி 130, மேல் 50. நான்கும் தீர்ந்தன. படம் பச்சை!

இந்த நிலையில், பக்கச் சரிவு 80 பாகை என்றும் எழுதிவைத்தால் அழகாக இருக்குமே என்ற ஆசை வரும். வந்தது வினை. 80 பாகைச் சரிவில் 217 மில்லிமீட்டர் ஏறினால், மேல் அகலம் 53.5-க்குச் சற்றுக் குறைவாக வரும், 50 வராது. இது வெறும் மிகை அன்று, நேரடி முரண். “சரியான கோணத்தையே கணக்கிட்டுக் கொடுக்கிறேன்” என்பீர்கள். 79.56 என்று கொடுத்தாலும், தசமத்தைச் சுருக்கியதால் முரண் வரும். கோணத்தைக் காட்டத்தான் வேண்டுமென்றால் அதைக் ‘குறிப்பு அளவாக’ மாற்றுங்கள். அப்போது மென்பொருள் அதைக் கணக்கிட்டுக் காட்டும், கட்டளையாகக் கொள்ளாது. என்னைக் கேட்டால், புதிதாக வரைபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பொத்தான் வேறில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தும் படம் நழுவுகிறதா? எலியால் ஒவ்வொரு மூலையையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நகர்வது எதுவோ, அதற்குத்தான் நிபந்தனை போதவில்லை. சில வேளை இரு கோடுகள் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால் மயிரிழை இடைவெளி! முரண் என்றால், எச்சரிக்கைச் செய்தியின்மேல் சொடுக்குங்கள். சண்டையிடும் நிபந்தனைகள் ஒளிர்ந்து காட்டும். கடைசியாகச் சேர்த்ததையே முதலில் சந்தேகியுங்கள்.

இன்னொன்று: சிறு கிறுக்கலுக்குத் திடீரென்று 217 கொடுத்தால் பக்கக் கோடுகள் குறுக்கே பின்னிக்கொண்டு உடுக்கை போல ஆகிவிடக்கூடும். ஆகவே ஏறத்தாழச் சரியான அளவிலேயே வரைந்து, உருவ நிபந்தனைகளை முதலிலும் எண்களைப் பிறகும் கொடுங்கள்.

இனி நிலைகளைப் பிரிக்கலாம். பதினொரு நிலைகளுக்குப் பத்துக் குறுக்குக் கோடுகள். ஒவ்வொன்றும் படுக்கையாக, இரு முனைகளும் பக்கக் கோடுகளின்மேல். பச்சை நிறம் திரும்பிவர இன்னும் எத்தனை அளவுகள் கொடுக்க வேண்டும்? காகிதத்தில் எண்ணிவிட்டுத் திரையைப் பாருங்கள்.