மூவாயிரம் ரூபாய் டியூபும் கும்மிடிப்பூண்டி சாலையும்

1949இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அங்கிருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டி இருபது கிலோ இருக்கும். கேரியரில் மூட்டை, முன்பாரில் பிள்ளை என்று ஓடிய வண்டியில் டியூப் எத்தனை கிராம் என்று கேட்க யாருக்குத் தோன்றும்? காற்று நிற்குமா என்பதுதான் கேள்வி.

எளிதில் நிற்காது. இயற்கை ரப்பர் டியூப் காற்றை மெல்லக் கசியவிடும். போதாக்குறைக்கு வால்டியூப்: வால்வின் பக்கத் துளையை மூடியிருக்கும் சின்ன ரப்பர் குழல். வெயிலில் அது இற்றுப்போனால் நிறுத்திய இடத்திலேயே சக்கரம் உட்கார்ந்துவிடும். 1937இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பியூட்டைல் ரப்பர் பிற்பாடு சைக்கிள் டியூபுக்கும் வந்த பிறகுதான் ஒரு தடவை அடித்த காற்று நாள்கணக்கில் தாங்கியது.

மீதிக்குச் சீமைக்கருவேல முள் இருந்தது. அதற்குப் பஞ்சர் கடை இருந்தது. டியூபை உருவி, பெருக்கக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் சாண் சாணாக அமுக்கிக்கொண்டே போவார் கடைக்காரர். குமிழி கிளம்பும் இடத்தில் கட்டைவிரல் நிற்கும். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்து, பழைய டியூபிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டை வைத்துத் தட்டுவார். டயருக்குள் விரலை ஓடவிட்டு முள் முனை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். பல ஒட்டுகளோடு ஓடிய டியூப்கள் ஏராளம்.

இன்று ஞாயிறு விடிகாலையில் கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் ஜி.என்.டி. சாலையில் நின்றால் சென்னையிலிருந்து தடா பக்கம் போகும் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். கார்பன் சட்டகம், விரல் பருமன் டயர். அதே டி.ஐ. நிறுவனமும் மோன்ட்ரா என்ற பெயரில் கார்பன் வண்டி விற்றிருக்கிறது. இந்தச் சக்கரத்துக்குள் இருக்கும் சாதாரண பியூட்டைல் டியூப் நூறு கிராமுக்குச் சற்று மேல். விலை சில நூறு ரூபாய். டி.பி.யு. என்ற பிளாஸ்டிக் வகை டியூப் நாற்பது கிராம்கூட இல்லை. ஆஸ்திரியாவின் டியூபோலிட்டோ மாதிரிப் பெயர் பெற்றதை வாங்கினால் ஒன்றுக்கே மூவாயிரம் ரூபாயை ஒட்டி வந்துவிடும். லேட்டக்ஸ் என்று இன்னொன்று உண்டு. அது மறுபடியும் அந்தப் பழைய இயற்கை ரப்பரேதான். தாத்தா காலத்தைப் போலவே இரவு அடித்த காற்று விடிவதற்குள் இறங்கும்.

எடைக்காக இந்தப் பணம் தகுமா? இரண்டு சக்கரத்திலும் சேர்த்து மிச்சமாவது நூற்றைம்பது கிராம். ஆளும் வண்டியுமாக எண்பது கிலோ. பத்து நிமிடம் ஏற வேண்டிய மேட்டில் ஏறத்தாழ ஒரு நொடி குறையும். கும்மிடிப்பூண்டியில் ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான்! சக்கர விளிம்பில் குறையும் எடை வேகமெடுக்கும்போது இரட்டிப்பாகக் கணக்காகும் என்பது உண்மையே. இரட்டிப்பானாலும் முந்நூறு கிராம்தான். நிஜமான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. மெல்லிய டியூப் உருளும்போது நசுங்கி விரிவதில் வீணாகும் சக்தி குறைவு. சில வாட் மிஞ்சும். பந்தயக்காரருக்கு அது பெரிது. மற்றவர்கள் நல்ல டயர் வாங்கி, காற்றை அளவாக அடித்தால் அதைவிடக் கூடுதலாகவே பெறலாம்.

இந்தச் சாலையின் இன்றைய முள் இரும்பு. தேய்ந்து பிய்ந்த ரேடியல் லாரி டயர்களின் கம்பி இழைகள் ஓரத்தில் கிடக்கும். தலைமுடி கனத்தில் டயரைத் துளைத்து டியூபைத் தொடும். டி.பி.யு. டியூபில் பழைய வைத்தியம் செல்லாது. டயருக்கு வெளியே பெருக்கக் காற்றடித்தால் அது நிரந்தரமாக விரிந்து கெட்டுவிடும். சட்டியில் அமுக்கிக் குமிழி தேடுவது கடினம். வழக்கமான சொல்யூஷன் பிடிக்காது, அதற்கென்று தனி ஒட்டு வேண்டும். ஆகவே என் தீர்ப்பு: சக்கரத்துக்குள் பியூட்டைலே இருக்கட்டும். டி.பி.யு. ஒன்றை வாங்குவதானால் உபரியாக வையுங்கள். தீப்பெட்டி அளவுக்கு மடிந்து சட்டைப்பையில் கிடக்கும். அங்கேதான் அதன் லேசு முழுப் பயன் தருகிறது.

அதே சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை ஷிப்டுக்குப் பழைய வண்டியை மிதித்துப் போகும் ஒடிசா, பீகார் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். மூவாயிரம் ரூபாய் இருந்தால் அவர்களில் ஒருவருடைய வண்டிக்கு இரண்டு டயரும் இரண்டு கனத்த டியூபும் புதிதாகப் போட்டு மிச்சமும் கையில் கொடுக்கலாம். அவருக்குப் பஞ்சர் என்றால் ஷிப்டுக்குத் தாமதம், கூலியில் வெட்டு. சாலையோரக் கடைகளோ பைக், லாரி டயருக்கு மாறிவிட்டன. சைக்கிள் டியூபை உருவிப் பார்க்கப் பலருக்கு நேரமில்லை. ஆலை நிர்வாகங்கள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு கைப்பம்பும், தண்ணீர்ச் சட்டியும், ஷிப்டு மாறும் நேரத்தில் பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஓர் ஆளும் வைக்கலாம். பெரிய செலவில்லை, இந்த ஆண்டே செய்யலாம்.