அளக்கப் போன கருவி

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே உள்ள இளையரசனேந்தலுக்குக் கோடையில் போனவர்கள் அந்தக் கரிசல் பூமியை எளிதில் மறக்கமாட்டார்கள். கை நுழையும்படி நிலம் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை இறங்கியதும் அதே மண் நீரைக் குடித்து உப்பி, வெடிப்புகளை மூடிக்கொண்டு, மெழுகுபோல் இளகிவிடும். இவ்விதம் சுருங்கி விரியும் மண்ணின்மேல் எழுப்பிய வீட்டுச் சுவர் விரிசல் விடுவதில் ஆச்சரியம் என்ன?

மண்ணின் அழுத்தம் எவ்வளவென்று தெரிந்தால் அஸ்திவாரத்தை அதற்கேற்பப் போடலாம். ஒரு கருவியைப் புதைத்து அளந்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

உலோகக் கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்பதை 1856-ல் வில்லியம் தாம்ஸன் எடுத்துரைத்தார்; பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் இவரே. 1938-ல் அமெரிக்காவில் எட்வர்டு ஸிம்மன்ஸ், ஆர்தர் ரூகே என்னும் இருவர் தனித்தனியே அந்தக் கம்பியைப் பொருளின்மேல் ஒட்டி, அது நீளுவதை அளக்கும் வழி கண்டார்கள். இதுவே 'ஸ்ட்ரெயின் கேஜ்' என்னும் திரிபுமானி. 120 ஓம் தடையுள்ள மானி ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால், தடை சுமார் 0.24 ஓம் கூடும்.

இரும்புப் பாலத்தில் ஒட்டினால் இது உண்மையே பேசும். ரப்பருக்குள் பதித்தாலோ கதை வேறு. நைந்த வேஷ்டியில் முரட்டுக் கித்தானை ஒட்டுப்போட்டு இழுத்துப் பாருங்கள்: சுற்றியுள்ள துணி நீளும், ஒட்டு அசையாது. மானியின் உலோகம் ரப்பரைவிடப் பல்லாயிரம் மடங்கு விறைப்பானது. ஆகவே தான் இருக்கும் இடத்தை அது நீளவிடாமல் பிடித்துக்கொண்டு, உள்ளதைவிடக் குறைவான அளவைக் காட்டும். அதன் விளிம்பிலோ இழுப்பு அதிகமாகிக் கிழிசலுக்கும் வழி பிறக்கும்.

மண்ணில் புதைக்கும் அழுத்தமானி இதற்கு நேர்மாறாகப் பொய் சொல்லும். மண்ணைவிட அது விறைப்பாயிருந்தால், அக்கம்பக்கத்துப் பாரத்தையும் தன்மேல் இழுத்துக்கொண்டு அதிகமாகக் காட்டும். மண்ணைவிட இளகியதாயிருந்தால் குறைத்துக் காட்டும். பிழைகள் இரண்டானாலும் காரணம் ஒன்றே: விருந்தாளியின் சுபாவம் வீட்டாரின் சுபாவத்தோடு ஒத்துப்போகவில்லை.

பரிகாரம் உண்டு. 1953-ல் விட்னி என்னும் ஆராய்ச்சியாளர், மெல்லிய ரப்பர்க் குழாயில் பாதரசத்தை நிரப்பி மனிதரின் கைகால்களைச் சுற்றிக் கட்டி, இரத்த ஓட்டத்தால் அவை பருப்பதை அளந்தார். திரவம் இழுப்புக்கு எதிர்த்து நிற்பதில்லை அல்லவா! இன்று பாதரசத்துக்குப் பதிலாகக் காலியமும் இண்டியமும் கலந்த திரவ உலோகம் வந்திருக்கிறது. புள்ளிகள் தெளித்த பரப்பைத் தொடாமலே படம்பிடித்து அளப்பது இன்னொரு வழி. மண்ணுக்கானால், கருவி தட்டையாகவும் அகலமாகவும் இருக்கவேண்டும். எந்த மண்ணில் புதைக்கப் போகிறோமோ அதே மண்ணில் தெரிந்த பாரத்தை ஏற்றி முதலில் அதைச் சோதிக்கவும் வேண்டும்.

ஆகையால், கரிசல் காட்டில் வீடு கட்டுவோர் கருவி காட்டும் எண்ணைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. அந்தக் கருவி எந்த மண்ணில் சோதிக்கப்பட்டது என்றும் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி ஒரு சுவரைக் காப்பாற்றக்கூடும்.