படுதாவுக்குப் பின்னால் ஒரு மைசூர்!

வெண்ணிற ஆடை மூர்த்தி, வெண்ணிற ஆடை நிர்மலா என்று முதல் படத்தின் பெயரை இனிஷியலாக ஒட்டிக்கொள்வது நம் ஊர் வழக்கம். கன்னடத்துக்காரர்கள் இதில் நம்மைவிட ஒரு படி மேலே. நடிப்புக் கற்ற இடத்தின் பெயரையே ஒட்டிக்கொள்கிறார்கள்! ரங்காயணா ரகு. நீநாசம் சதீஷ். இன்ஜினீயரிங் படித்துவிட்டுக் கல்லூரியின் பெயரை வாழ்நாள் முழுக்கத் தலையில் சுமக்கும் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

நீநாசம் இருப்பது சிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு கிராமத்தில். ரங்காயணா மைசூரில். இன்று நாம் எட்டிப்பார்க்கப் போவது மைசூர்க்காரரை. முன்வாசல், டிக்கெட், நாற்காலி எல்லாம் அப்புறம். செருப்பை ஓரமாக விட்டுவிட்டுப் பின்பக்கமாக வாருங்கள். ஒத்திகைத் தரையில் செருப்புக் காலோடு ஏறினால் யாராவது முறைப்பார்கள்.

மைசூருக்குப் போகும் தமிழர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சிசாலை, பிருந்தாவன், திரும்பும்போது அரைக் கிலோ மைசூர்பாகு. ஞாயிற்றுக்கிழமை மாலை அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு எரிவதை வாய் பிளந்து பார்க்கிறோம். ஊரின் இன்னொரு பக்கம், குக்கரஹள்ளி ஏரிக்கு அருகே கலாமந்திர் வளாகத்தில் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு விளக்கு. அதை எந்தக் கோணத்தில் திருப்பினால் ராஜாவின் மூக்கு நிழல் ராணியின் கன்னத்தில் விழாமல் இருக்கும்?

எந்த நாடகப் பள்ளியிலும் விளக்கு அமைக்கும் நாள் இப்படித்தான். மேடை நடுவில் ஒருவர் அசையாமல் நிற்பார். ஆகா, என்ன ஆழ்ந்த நடிப்பு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! ராஜா வேஷக்காரர் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருக்கிறார்; அவருக்குப் பதிலாக அவர் உயரத்தில் ஒரு மாணவர் வெளிச்சத்தை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கிறார். ஏணி உச்சியில் இன்னொரு மாணவர், கையுறை போட்டுக்கொண்டு, சுடுகிற விளக்கைத் திருகுகிறார். கீழிருந்து ஒரு குரல்: "இன்னும் கொஞ்சம் இடது... அய்யோ, அவ்வளவு வேண்டாம்!" ஜெலட்டின் தாளை மாற்றுகிறார்கள். மறுபடியும் இடது. மறுபடியும் வலது. ஒரு மணி நேரம் இப்படி நின்றவருக்கு வெளிச்சம் எங்கே சூடாகப் படுகிறது, எங்கே நழுவுகிறது என்பது தோலிலேயே பதிந்துவிடும். நாளைக்கு அவர் நடிக்க வரும்போது, விளக்கைத் தேடாமலே விளக்குக்குள் போய் நிற்பார். எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது இது?

ரங்காயணாவில் இப்படி எட்டிப்பார்க்க இடங்கள் நிறைய. உள்ளரங்கம் பூமிகீதா. திறந்தவெளிக்கு வனரங்கா, மரங்களும் வானமும் இலவச செட்டிங். ஸ்ரீரங்கா என்று இன்னொன்று. பெயர்களைச் சொல்லும்போதே ஏதோ ராகப் பட்டியல் படிக்கிற உணர்வு எனக்கு.

இதையெல்லாம் தொடங்கிவைத்தவர் பி.வி. காரந்த். 1929இல் தட்சிண கன்னடத்தில் பிறந்தவர். சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனி. குருக்ஷேத்திரம் நாடகத்துக்கு மேடையிலேயே யானையையும் குதிரையையும் கொண்டுவந்து நிறுத்திய அதே வீரண்ணாதான்! ஓடிவந்த பையனை அவர் வெறுமனே வேஷம் கட்டவிடவில்லை. காசிக்கு அனுப்பி இந்தி எம்.ஏ. படிக்கவைத்தார். அங்கே ஓம்கார்நாத் தாக்கூரிடம் இந்துஸ்தானி சங்கீதமும் ஆயிற்று. பிறகு தில்லி தேசிய நாடகப் பள்ளியில் மாணவர். 1977இல் அதே பள்ளிக்கு இயக்குநர். அடுத்து போபாலில் பாரத் பவனின் ரங்கமண்டல். 1989இல் கர்நாடக அரசு ரங்காயணாவைத் தொடங்கியபோது முதல் இயக்குநர் அவரே. பின்னாளில் வீரண்ணாவின் பேத்தி பி. ஜெயஸ்ரீயும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஓடிவந்த பிள்ளைக்குச் சோறு போட்ட கணக்கு இப்படி நேரானது என்று வைத்துக்கொள்ளலாம்.

காரந்த் செய்ததில் பெரிய புரட்சி எது என்று என்னைக் கேட்டால், அவருடைய புகழ்பெற்ற நாடக இசையைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலாவது சம்பளம். ஆமாம், மாதச் சம்பளம்! மாநிலம் முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுத்த இளைஞர்களை ஓரிடத்தில் சேர்த்து, பயிற்சி கொடுத்து, நாடகம் போடுவதையே வேலையாக்கி, முதல் தேதி சம்பளமும் கொடுக்கிற அரசு நிறுவனம். "பையன் என்ன பண்றான்?" என்று பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டால், "நாடகத்துல இருக்கான்" என்று தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய நிலைமை. அப்படி உள்ளே போனவர்களில் ஒருவர்தான் ரங்காயணா ரகு. இன்னொருவர் மண்டியா ரமேஷ். அவர் மைசூரிலேயே 'நடனா' என்ற நாடக நிறுவனத்தை நடத்தி அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இப்போது ரங்காயணாவில் மாணவர்களுக்கு ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. நாடகப் படிப்பு என்றால் காலையிலிருந்து ராத்திரி வரை கண்ணீர் விட்டு வசனம் பேசுவது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே அதிர்ச்சி வைத்தியம். தரையைப் பெருக்கு. பாயை விரி. உடம்பை முறுக்கு. பல்லுக்கிடையில் பென்சிலைக் கடித்துக்கொண்டு நீளமான வாக்கியத்தைச் சொல். பென்சிலை எடுத்த பிறகு அதே வாக்கியம் எவ்வளவு சுத்தமாக வந்து விழுகிறது தெரியுமா? வீட்டில் முயன்று பாருங்கள். யாரும் பார்க்காத நேரமாக இருந்தால் நல்லது. தொண்டையிலிருந்து கத்தாமல் அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்கப் பழகுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கடைசி வரிசைப் பாட்டிக்கும் கேட்க வேண்டும், ஆனால் காதலிக்கு ரகசியம் சொல்வதாகவும் இருக்க வேண்டும். என்ன ஒரு அநியாயமான வேலை!

ஒப்பனை அறைக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது வாசனை. பவுடர், வியர்வை, நேற்றைய நாடகத்தின் உடைகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பிரிட் கம். ஒட்டு மீசைக்கு ஒரு சாஸ்திரமே உண்டு. பசையை மேலுதட்டில் தடவியவுடன் முடியை வைத்துவிடக் கூடாது. விரல் நுனியால் தட்டித் தட்டிப் பிசுபிசுப்பு ஏறும்வரை பொறுத்து, அதன்பிறகு வைத்து, ஈரத்துணியால் அமுக்க வேண்டும். பொறுமை இல்லாத இளவரசனுக்கு இரண்டாம் காட்சியில் வீராவேச வசனத்தின் நடுவே மீசை வாய்க்குள் போகும். நம் தெருக்கூத்துக்காரர்கள் முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மணிக்கணக்கில் முகம் எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிதானம் புதிதல்ல.

மேடைக்குப் பக்கத்தில், இருட்டில், ஒரு மேஜை. அதுதான் பிராப்பர்ட்டி மேஜை. அதன்மேல் காகிதம் ஒட்டி, கத்தி, கடிதம், சொம்பு, மோதிரம் என்று ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருப்பார்கள். கட்டம் காலியாக இருந்தால் பொருள் மேடையில் இருக்கிறது, அல்லது யாரோ மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காதவர் எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் அந்தக் குழுவில் வில்லன்தான். வெளிச்சம் வெளியே கசியாமல் மங்கலாக ஒரு நீல விளக்கு எரியும். தரையில் அங்கங்கே இருட்டில் ஒளிரும் டேப் துண்டுகள். முழு இருட்டில் சிம்மாசனத்தைத் தூக்கிவந்து சரியான இடத்தில் வைக்க அதுதான் துணை. விளக்கு அணைவதற்குச் சில விநாடி முன்பே ஒரு கண்ணை மூடிக்கொண்டால், அணைந்தபின் அந்தக் கண் இருட்டுக்குப் பழகித் தயாராக இருக்கும். மேடையில் நிற்பவர்கள் இப்படிச் செய்வதை நீங்கள் நாற்காலியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது!

சாதாரண இரண்டு மணி நேர நாடகத்துக்கே இந்தப் பாடு. ரங்காயணாக்காரர்களுக்கு அது போதவில்லை. 2010இல் குவெம்புவின் 'மலெகளல்லி மதுமகளு' நாவலை எடுத்தார்கள். எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட மலைநாட்டுக் கதை. கே.ஒய். நாராயணசாமி நாடகமாக்க, சி. பசவலிங்கையா இயக்க, ஹம்சலேகா இசை. எவ்வளவு நேரம்? ஏறக்குறைய 9 மணி நேரம்! இரவு தொடங்கி விடியற்காலை முடிவு. ஒரே மேடையும் இல்லை. காட்சி மாற மாறப் பார்வையாளர்கள் எழுந்து அடுத்த மேடைக்கு நடக்க வேண்டும். கதை புரிகிறதா? கூட்டம் நடந்து வந்து உட்காருவதற்குள் நடிகரும் உடையும் சொம்பும் கம்பும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு ராத்திரி முழுக்க உட்காருவது புதிதல்ல. ராத்திரி முழுக்கப் பின்னால் ஓடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு மூச்சு வாங்குகிறது. 2021இல் எஸ்.எல். பைரப்பாவின் 'பர்வ' வந்தது. பிரகாஷ் பெலவாடி இயக்கம். அதுவும் ஏறக்குறைய 8 மணி நேரம். இவர்களிடம் கடிகாரம் வேலை செய்வதில்லை போலிருக்கிறது.

வருடத்துக்கொரு முறை 'பஹுரூபி' தேசிய நாடக விழா வரும்போது வளாகமே திருவிழா. வெளிமாநிலக் குழுக்கள், வெளிமொழி நாடகங்கள், புத்தகக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள். மாணவர்களுக்கோ அது இலவச மேற்படிப்பு. மணிப்பூர்க்காரரோ மராட்டியரோ எப்படி ஒரு மேடையை இரண்டு மணி நேரத்தில் தன் வீடாக மாற்றுகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கூடமாட மூட்டையும் தூக்கலாம். கோடையில் 'சின்னர மேளா'. நூற்றுக்கணக்கான சிறுவர்கள் புகுந்து வளாகத்தைத் தலைகீழாக்கும் நாட்கள். ஆறு வயதுப் புலிகளையும் ஏழு வயது மரங்களையும் மேய்த்துக் கரைசேர்க்கத் தெரிந்தவருக்கு அதன்பிறகு ஹாம்லெட் ஒரு பொருட்டா என்ன?

நம்மிடம் இது இல்லையா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் நாம்தான் முன்னோடி. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் பொடிப் பையன்களாகச் சேர்ந்தார்கள். எம்.ஆர். ராதாவும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனி வளர்ப்புகள்தாம். அங்கே பாடமும் பட்டினியும் அடியும் ஒன்றாகவே கிடைத்தன என்பதையும் மறைக்க வேண்டாம். பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் இந்திரா பார்த்தசாரதி முன்னின்று உருவாக்கிய நாடகப் பள்ளிக்குச் சுவாமிகளின் பெயரே வைக்கப்பட்டது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை உண்டு. சென்னையில் 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பசுபதி அங்கே வளர்ந்தவர். விஜய் சேதுபதி அங்கே வேலைக்குச் சேர்ந்ததே கணக்கு எழுதத்தான்! பேரேட்டுக்கு மேலே கண்ணை உயர்த்தி ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கே போய் நின்றார் என்பது ஊரறிந்த கதை. ஆனாலும் நடிகனுக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஆண்டு முழுக்க நாடகம் போடவைக்கும் அரசு நாடகக் குழு நம் பக்கம் வேரூன்றவில்லை. கர்நாடகமோ மைசூரோடு நிற்காமல் சிவமொக்கா, தார்வாட், கலபுரகியிலும் ரங்காயணாக்களை வைத்திருக்கிறது. பொறாமைப்படுவதில் தவறில்லை.

சரி, வீட்டில் ஒரு பிள்ளை "நான் நாடகம் படிக்கப் போறேன்" என்று நிற்கிறதா? மைசூரோ ஹெக்கோடோ, பாடமும் மேடையும் கன்னடத்தில். நம் பிள்ளைக்கு எட்டாத மொழி அல்ல. ஆனால் முன்கூட்டியே நாக்கைப் பழக்க வேண்டும். தில்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டம் வேண்டும், ஏற்கெனவே நாடகங்களில் வேலை செய்த அனுபவமும் வேண்டும். வெறும் ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போக முடியாது.

அதனால் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. விண்ணப்பப் படிவத்தைத் தேடுவதற்கு முன் உங்கள் ஊரில் இருக்கும் ஒரு நாடகக் குழுவிடம் போங்கள். வேஷம் கேட்காதீர்கள். பெருக்க, ஏணி பிடிக்க, சொம்பையும் கத்தியையும் கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் குழு உலகத்தில் கிடையாது. ஆறு மாதம் கழித்தும் ஆசை குறையாமல் இருந்தால் தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள்.