சுவர் நகர்கிறது, எண் அசையவில்லை

ஸ்காபரோவில் பேஸ்மென்டைத் திருத்தி வாடகைக்கு விட நினைக்கிறவர்கள் பலர், வரைபடக்காரரிடம் போகுமுன் மடிக்கணினியில் தாங்களே ஒரு வரைபடம் போட்டுப் பார்க்கிறார்கள். பின்வளவில் சிறு வீடு கட்ட 2022இலும், ஒரே காணியில் நான்கு குடியிருப்புகள் வரை அமைக்க 2023இலும் ரொறன்ரோ மாநகரசபை வழிவிட்டதால், வரைந்து பார்க்கக் காரணங்களும் கூடிவிட்டன. ஸ்வீட் ஹோம் த்ரீடி போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும். சுவர் எழும்பும், கதவு பொருந்தும், கட்டில் வந்து உட்காரும். சிக்கல் அளவுகளைக் குறிக்கும்போது தொடங்குகிறது. 3.05 என்ற எண் கதவின் மேல் விழுந்து கிடக்கிறது. அதைச் சற்று மேலே தள்ள மவுஸைப் பிடித்து இழுத்தால் சுவர் கூடவே வருகிறது. எண்ணோ போட்ட இடத்திலேயே இருக்கிறது.

ஏன் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். பத்து மீற்றர் அகலமான வீடு திரையில் ஆயிரம் பிக்சல் அகலத்துக்கு விரிந்திருக்கிறது என்று வைப்போம். ஒரு பிக்சல் ஒரு சென்ரிமீற்றர். இங்கே அறைகளைப் பிரிக்கும் சாதாரணச் சுவர் மூன்றரை அங்குலச் சட்டமும் இருபுறமும் அரை அங்குல ட்ரைவோலும் சேர்ந்து நாலரை அங்குலம், அதாவது 114 மில்லிமீற்றர். (டூ பை ஃபோர் என்று கடையில் வாங்கும் மரம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரைதான், அந்தக் கதை வேறு.) ஆகவே திரையில் சுவர் பதினொரு பிக்சல் தடிப்பு. அளவுக்கோடோ ஒரு பிக்சல். கை தவறினால் எது அகப்படும் என்று கேட்கவே வேண்டாம்.

மென்பொருளுக்குப் படம் தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு பட்டியல்: இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளி வரை சுவர், இந்த இரு முனைகளுக்கு இடையே அளவுக்கோடு, அது சுவரிலிருந்து இவ்வளவு தள்ளி. நாம் ஒரு இடத்தில் அழுத்தியதும், அந்த இடத்துக்கும் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தை அது கணக்கிடுகிறது. சில பிக்சல்களுக்குள் இருப்பவை எல்லாம் தேர்வுக்குத் தகுதி பெறும். கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும் கோட்டுக்கு இருபுறமும் மூன்று பிக்சல் அளவில் காணாத சதை ஒட்டியிருக்கிறது என்று சொல்லலாம். இந்தச் சதை திரையைச் சார்ந்தது, வீட்டைச் சார்ந்ததல்ல. மேலே சொன்ன பெருக்கத்தில் மூன்று பிக்சல் என்றால் வீட்டில் மூன்று சென்ரிமீற்றர். நான்கு மடங்கு பெரிதாக்கினால் எட்டு மில்லிமீற்றருக்கும் குறைவு. பெரிதாக்கியதும் பிடிக்க எளிதாவது அதனால்தான். நம் கை திருந்துவதில்லை, பக்கத்துச் சுவர் விலகிப்போகிறது.

இது நேற்று வந்த தந்திரமுமல்ல. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் தன் முனைவர் ஆய்வுக்காக டி.எக்ஸ்-2 கணினியில் ஸ்கெச்பாட் என்ற நிரலை எழுதினார். ஒளிப்பேனாவைத் திரையில் வைத்துக் கோடு வரையும் முதல் முயற்சிகளில் ஒன்று அது. பேனா ஒரு கோட்டுக்கு ஓரளவு கிட்டே போனாலே, சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது என்று நிரல் எடுத்துக்கொள்ளும். அளவுக்கோடுகளும் அப்போதே இருந்தன. இரு புள்ளிகளுக்கு இடையே ஒன்றை வரைந்தால், எவ்வளவு தூரம் என்பதை நிரலே எண்ணாகக் காட்டியது. இன்று நாம் இழுத்து அவதிப்படும் பொருளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

கை ஏன் தவறுகிறது என்ற கேள்வி அதற்கும் முந்தியது. 1954இல் ஓஹாயோவில் போல் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர், இரண்டு உலோகத் தகடுகளைச் சிறு கோலால் மாறி மாறித் தட்டச் சொல்லி நேரத்தை அளந்தார். தகடுகள் தூரமானால் நேரம் கூடியது, ஒடுங்கினாலும் கூடியது. தூரம், அகலம் இரண்டையும் ஒன்றாக இரட்டிப்பாக்கியபோது நேரம் ஏறக்குறைய மாறவில்லை. முக்கியமானது தூரமுமல்ல அகலமுமல்ல, இரண்டின் விகிதம். அந்த விகிதத்தின் மடக்கையோடு நேரம் கூடுகிறது.

இந்த விதியைக் கணினித் திரைக்குச் செம்மைப்படுத்தியதில் ரொறன்ரோவுக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கே முனைவர் பட்டம் பெற்று யோர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஸ்கொட் மக்கென்சி, ஃபிட்ஸின் சூத்திரத்தைத் தகவல் கோட்பாட்டோடு நெருக்கமாகப் பொருத்தி 1989இல் திருத்தி எழுதினார். தூரத்தை அகலத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, இரண்டின் அடியில் மடக்கை எடுக்க வேண்டும். வரும் விடை பிட்களில் கடினம். 700 பிக்சல் தொலைவில் ஒரு பிக்சல் கோடு என்றால் 9.5 பிட் அளவு. மூன்று பிக்சல் சதையை இருபுறமும் ஒட்டி ஏழு பிக்சலாக்கினால் 6.7. திரையில் ஒன்றும் மாறியதாகத் தெரியாது, வேலை மட்டும் கிட்டத்தட்ட மூன்று பிட் இலகுவாகிவிடுகிறது.

சரி, சதையை இன்னும் ஊட்டினால் என்ன? இரண்டு கோடுகளின் சதை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வரைபடத்தின் மூலைகளில் நடப்பது அதுதான். இதற்கு மிக அழகான விடையைச் சொன்னவர்கள், 2005இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ரோவி குரொஸ்மனும் ரவின் பாலகிருஷ்ணனும் என்பது என் எண்ணம். பொருளைப் பருக்க வைக்காமல் அவர்கள் சுட்டும் முனையைப் பருக்க வைத்தார்கள். சுட்டி ஒரு குமிழி. பக்கத்தில் ஒன்றுமில்லையென்றால் பெரிதாகும், நெரிசலில் சுருங்கும், எந்த நேரமும் ஒரே ஒரு பொருளை மட்டும் தொடும் அளவுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

இதன் அடியில் இருப்பது பழைய வடிவியல். ஊரில் நான்கு கிணறுகள் உள்ளன, ஒவ்வொரு வீட்டாரும் கிட்ட உள்ள கிணற்றுக்கே போகிறார்கள் என்றால், ஊர் தானாகவே நான்கு பங்காகப் பிரிந்துவிடும். எல்லையில் இருப்பவருக்கு இரண்டு கிணறும் சம தூரம். உக்ரேனியக் கணிதவியலாளர் வொரொனொய் 1908இல் விரிவாக ஆராய்ந்த பிரிப்பு இது. அவர் பெயராலேயே வழங்குகிறது. குமிழிச் சுட்டி திரை முழுவதையும் இப்படிப் பங்கிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் அதன் பங்கு முழுவதையும் இலக்காக்கிவிடுகிறது. ஒரு துளி வெற்றிடமும் வீணாவதில்லை.

ஆனால் வீட்டு வரைபடத்தில் இதை அப்படியே போட்டால் நான் பயன்படுத்தமாட்டேன். வெற்றிடத்தில் அழுத்துவதும் இங்கே ஒரு வேலைதான்: தேர்வை விடுவிக்க, புதுச் சுவர் தொடங்க. எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும் சுட்டிக்கு அது தெரியாது. மூலையில் ஆறு கோடுகள் கூடினால் ஒவ்வொன்றின் பங்கும் குறுகி, குமிழியின் பயனும் போய்விடும். கட்டடக்கலைஞர்கள் பயன்படுத்தும் ரெவிட்டில் உள்ள வழி எளிமையானது: சுட்டியை நெரிசலின் மேல் வைத்துக்கொண்டு டாப் விசையைத் தட்டத் தட்ட, அடியில் கிடப்பவை ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது ஒளிர்ந்ததும் அழுத்தலாம்.

பிடித்தாயிற்று, இனி இழுக்க வேண்டும். நீண்ட காலம் ரொறன்ரோவில் பணியாற்றிய பில் பக்ஸ்ரன் 1990இல் இதை மூன்று நிலைகளாக வகுத்தார்: கருவி திரையோடு தொடர்பில்லாத நிலை, சுட்டி மட்டும் நகரும் நிலை, பொத்தானை அழுத்தியபடி இழுக்கும் நிலை. அடுத்த ஆண்டு மக்கென்சி, அபிகெய்ல் செல்லன், பக்ஸ்ரன் மூவரும் மவுஸ், வரைபலகைப் பேனா, உருட்டுப்பந்து மூன்றையும் ஒப்பிட்டார்கள். எல்லாக் கருவியிலும் சுட்டுவதைவிட இழுப்பது மெதுவாக இருந்தது, பிழையும் கூடியது. உருட்டுப்பந்து மிக மோசம்: பெருவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க, அதே கையின் மற்ற விரல்கள் பந்தை உருட்ட வேண்டும். ஐபாடில் அளவுக்கோட்டைப் பிடிக்கமுடியாமல் திண்டாடுவதற்கும் பக்ஸ்ரனின் வகுப்பே விடை தருகிறது. விரலுக்குப் பொதுவாக நடு நிலை கிடையாது. தொட்டால் பிடித்தாயிற்று, தொடாமல் மேலே நின்று எது ஒளிர்கிறது என்று பார்க்க வழியில்லை.

இழுக்கும்போது மென்பொருள் நம் கையை முழுவதும் நம்புவதுமில்லை. விண்டோஸில் வழக்கமான அமைப்பின்படி, அழுத்திய இடத்திலிருந்து நான்கு பிக்சல் போகும்வரை அது இழுப்பாகக் கணக்கில்லை. கை நடுக்கத்துக்கு விட்ட இடம் அது. பிறகு, சுவரோடு கட்டிய அளவுக்கோடு சுவருக்குச் செங்குத்தாக மட்டுமே விலகலாம். நாம் சாய்வாக 45 பாகையில் ஐம்பது பிக்சல் இழுத்தால், நிரல் அந்த அசைவை இரு கூறாகப் பிரித்து, சுவரின் போக்கிலான கூற்றை வீசிவிட்டு, கோட்டை 35 பிக்சல் மட்டும் தள்ளும். சுட்டி ஒரு பக்கமும் கோடு இன்னொரு பக்கமும் போவதாகத் தோன்றுவது இதனால்தான்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, எதை இழுக்கிறோம் என்பது. எண்ணை இழுத்தால் எழுத்து இடம் மாறும், அளவு மாறாது. கோட்டின் நடுவைப் பிடித்தால் கோடு சுவரிலிருந்து விலகும், அப்போதும் அளவு மாறாது. முனையில் உள்ள சிறு கைப்பிடியை இழுத்தால் அளவு மாறிவிடும், ஏனென்றால் இப்போது அளப்பதே வேறு இரு இடங்களுக்கு இடையில். திரையில் மூன்றும் சில பிக்சல் இடைவெளியில் கிடக்கின்றன. சில மென்பொருளில் நாலாவதாக ஒன்றும் உண்டு: எண்ணின் மேல் வேறு எண்ணைத் தட்டச்சு செய்துவிடலாம். அதை நான் தொடவே மாட்டேன். பிறகு சுவரை எங்கே நகர்த்தினாலும் அந்த எண் பொய்யையே சொல்லிக்கொண்டிருக்கும். கட்டுமிடத்தில் தாளை அளந்து பார்ப்பதில்லை, எழுதிய எண்ணையே நம்புவார்கள்.

எண்ணைக் காட்டும் விதத்திலும் ஒரு குழி உண்டு. ஒன்ராறியோவில் ஏற்கெனவே உள்ள வீட்டின் பேஸ்மென்டைத் தனிக் குடியிருப்பாக்கக் கூரை உயரம் 1.95 மீற்றர் வேண்டும். தச்சரின் டேப் அடி அங்குலத்தில் பேசும். விதி மீற்றரில் பேசும். உங்கள் கூரை 6 அடி 4⅝ அங்குலம் என்றால் அது 1946 மில்லிமீற்றர், நான்கு மில்லிமீற்றர் குறைவு. மென்பொருளை முழு அங்குலத்தில் காட்டச் சொல்லியிருந்தால் அது 6 அடி 5 அங்குலம் என்று காட்டும்; அதை மீற்றராக்கினால் விதி நிறைவேறியது போலிருக்கும். உள்ளே சேமித்த எண் சரியானதுதான், திரையில் காட்டியது மட்டந்தட்டியது. அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தை மில்லிமீற்றரில் வைத்துக்கொள்வதே நல்லது.

அளவுக்கோடுகளை எல்லாம் ஒதுக்கி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு சுவரை வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்துங்கள். பக்கத்து எண் மாறினால் அது சுவரோடு கட்டுண்டிருக்கிறது. மாறாவிட்டால், அது வெறுமனே அங்கே கிடக்கிற கோடு. சுவரை மாற்றும் ஒவ்வொரு முறையும் நீங்களே போய்த் திருத்த வேண்டும். பார்த்த பிறகு கன்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுவர் பழைய இடத்துக்குப் போய்விடும்.