கத்திக்கு முன் நான்கு வாரம்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ள வருபவரிடம் டாக்டர் தவறாமல் கேட்கும் கேள்வி, "சிகரெட் பழக்கம் உண்டா?" உண்டு என்றால் உடனே தேதி கிடைப்பது கடினம். "முதலில் நிறுத்துங்கள். குறைந்தது நான்கு வாரம் போகட்டும்" என்பார். வெட்டித் தைக்கப்போவது இரைப்பையை. புகை போவதோ நுரையீரலுக்கு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் ரத்தத்தில் ஓடுகிறது. சிகரெட்டோ பீடியோ, எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வெளிவரும். ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஆனாலும் புகைப்பதை நிறுத்தினால் சுமார் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகக் குறையும். ஓரிரு நாளில் ரத்தம் தெளிந்துவிடும்.

அப்படியானால் முந்தின நாள் விட்டால் போதாதா?

போதாது. பாதிப்பு ரத்தத்தோடு நிற்பதில்லை. 1991இல் அமெரிக்க ஆய்வாளர்கள் புகைப்பவர்களின் தோலுக்கடியில் நுண்ணிய கருவியைச் செருகி, திசுவில் உள்ள ஆக்சிஜனை அளந்தார்கள். ஒரே சிகரெட்டில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவது இதற்கு முக்கியக் காரணம். சரிந்தது அரை மணிக்கும் மேலாகத் தாழ்ந்தே கிடந்தது. விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 20 சிகரெட் என்றால் 48 நிமிடத்துக்கு ஒன்று. திசு தலைதூக்குவதற்குள் அடுத்தது பற்றவைக்கப்பட்டிருக்கும்!

காயத்துக்கு ஆக்சிஜன் மூச்சு மட்டுமல்ல, ஆயுதமும் கூட. கிருமியை விழுங்கிய வெள்ளணு, ஆக்சிஜனைக் கொண்டே ஒரு நச்சைத் தயாரித்து அதைக் கொல்கிறது. காயத்தின் இரு கரைகளையும் பிணைக்கும் கொலாஜன் என்ற புரத நாரை முறுக்கேற்றவும் ஆக்சிஜன் வேண்டும். தொடர்ந்து புகைப்பவரின் வெள்ளணுக்கள் இந்த ஆயுதத்தையே மந்தமாகத்தான் வீசுகின்றன. ரத்தம் ஓரிரு நாளில் தெளியலாம். ஆனால் இந்த அணுக்களின் திறன் திரும்ப வாரக்கணக்காகும்.

எத்தனை வாரம்? 2003இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. 78 ஆரோக்கியமான தன்னார்வலர்கள் தங்கள் கீழ்முதுகில் சிறு வெட்டுக்காயங்களைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்கள். (அந்தத் தன்னார்வலர்களுக்கு ஒரு கும்பிடு.) புகைத்தவர்களின் காயங்களில் 12 சதவீதத்தில் சீழ் பிடித்தது. புகையே தொடாதவர்களுக்கு 2 சதவீதம்தான். நான்கு வாரம் நிறுத்தியவர்களின் காயங்களில் தொற்று கணிசமாகக் குறைந்திருந்தது. 2020இல் உலக சுகாதார நிறுவனமும் இதே நான்கு வாரத்தைத்தான் வலியுறுத்தியது. அதற்கு மேல் புகையில்லாமல் கழியும் ஒவ்வொரு வாரமும் பலனைக் கூட்டும் என்றது.

அந்த டென்மார்க் ஆய்வில் இன்னொரு ஆச்சரியம் உண்டு. நிறுத்தியவர்களில் சிலருக்கு நிகோடின் பட்டை ஒட்டப்பட்டது, சிலருக்கு வெறும் பட்டை. தொற்றில் வித்தியாசமே இல்லை! குற்றவாளி நிகோடின் மட்டுமல்ல, புகையில் வரும் மொத்தக் கூட்டமும்தான்.

நோயாளி உண்மையிலேயே நிறுத்திவிட்டாரா என்று சோதிக்கும் ஆய்வகத்துக்கோ இந்தப் பட்டை ஒரு தலைவலி. உடல் நிகோடினைச் சிதைத்து உண்டாக்கும் கோட்டினின் என்ற பொருள், கடைசிச் சிகரெட்டுக்குப் பிறகும் சில நாள் சிறுநீரில் இருக்கும். "விட்டுட்டேன் டாக்டர்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் நிகோடின் பட்டை போட்டவருக்கும் அதே கோட்டினின்தான் வரும். இருவரையும் பிரித்துக் காட்டுவது அனபசின். புகையிலைச் செடியில் இயல்பாக இருக்கும் இந்தப் பொருள், மருந்துக் கடை நிகோடினில் கிடையாது.

இங்கே ஒரு முரண். எடையைக் குறைக்க வந்தவரிடம் நிறுத்தச் சொல்கிறோமே, அந்த நிகோடின் பசியை அடக்கும் பொருள். மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதியில் 'வயிறு நிறைந்தது' என்று சொல்லும் நரம்பணுக்களை அது தூண்டிவிடுகிறது. புகையை விட்டவர்கள் ஓராண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறுவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் உணவு ஆலோசகரும் இந்த நான்கு வாரத்தில் கூடவே நிற்கிறார்.

எடைக் குறைப்பு முறைகளில் ஒன்றான இரைப்பை மாற்றுவழி அறுவை சிகிச்சையில் கதை நான்கு வாரத்தோடு முடிவதில்லை. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை, அதாவது இருமல் மருந்தின் பத்து மில்லி மூடியால் மூன்று மூடி அளவு, தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். இயற்கையில் இரைப்பை அமிலம் முதலில் இறங்குவது குடலின் தொடக்கப் பகுதியில். அங்கே கணையம் சுரக்கும் காரநீர் அமிலத்தை முறிக்கும். இந்தப் புது இணைப்பிலோ பழக்கமில்லாத குடல் அமிலத்தை நேருக்கு நேர் சந்திக்கிறது. அதைக் காப்பது அடியில் ஓடும் நல்ல ரத்த ஓட்டமும் மேலே படியும் சளிப்படலமும். புகை இரண்டையும் கெடுக்கும். விளைவு, இணைப்பின் ஓரத்தில் வரும் விளிம்புப் புண். முற்றினால் குடலில் ஓட்டையே விழலாம். அறுவை சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்து மறுபடி பற்றவைத்தவருக்கும் இது வரலாம். சில மருத்துவர்கள் எடை இறங்கிய பிறகும் கோட்டினின் சோதனை கேட்பது இதற்காகத்தான்.