மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது?

கிணற்றுக்கு மோட்டார் அமைக்கவும், தறிக்கூடத்தில் நூல் சுற்றும் பொறியை மின்சாரத்தால் ஓட்டவும் கடன் வேண்டி நம் சங்கங்களுக்கு மனுக்கள் வருகின்றன. இம்மனுக்களில் மோட்டாரின் விலை ஒரு பைசாவும் பிசகாமல் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அதை ஓட்டும் மின்சாரம் எங்கிருந்து வரும், எத்தனை மணி நேரம் கிடைக்கும், எவ்வளவு தூரம் கொண்டுவரப்பட வேண்டும் என்பன பற்றி ஒரு வரியும் இராது. மோட்டார் வாங்கியபின் மின்சாரத்தைத் தேடுவது, கிணறு வெட்டியபின் ஊற்றைத் தேடுவதற்கு ஒப்பாகும். யந்திரம் ஓடாவிட்டாலும் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும் என்பதை அங்கத்தினர்கள் மறத்தலாகாது. ஆகவே விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் உள்ள நெசவாளருக்கும் குடியானவருக்கும் பயன்படுமாறு இவ்விஷயத்தை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

முதலில் தேவையைக் கணக்கிடுக

ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட். 5 குதிரைச் சக்தி மோட்டார் தண்டில் தரும் வேலை சுமார் 3.7 கிலோவாட். ஆனால் மோட்டாரினுள் ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால், அது உட்கொள்ளுவது ஏறக்குறைய 4.7 கிலோவாட்; அதாவது மணிக்கு 4.7 யூனிட். நாள்தோறும் ஆறு மணி நேரம் ஓடினால் 28 யூனிட் வேண்டும்.

நெசவாளரின் தேவை இதனின் முற்றும் வேறானது. பத்து வாட் விளக்குகள் நான்கு, ஒரு மின்விசிறி, நூல் சுற்றக் கால் குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று ஆகியவை ஒருசேர இயங்கினாலும் அரைக் கிலோவாட்டை எட்டுவது அரிது. சிறுவந்தாட்டில் பட்டு நெய்யும் குடும்பத்திற்கு வேண்டுவது மிகுந்த மின்சாரமன்று. வேலை நேரத்தில் விளக்கு அணையாதிருத்தலே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நேரடியாகத் தொடங்கும் மோட்டார், எழும்பும் சில விநாடிகளில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். ஓடும்போது வேண்டிய அளவை மட்டும் கருதி ஜெனரேட்டர் வாங்கினால், மோட்டார் எழும்பாமல் முனகி நிற்கும்.

தூரமும் கம்பியும்

தூரம் செய்யும் கேட்டினை விளக்க விழுப்புரத்தார் வெளியூர் உதாரணம் தேட வேண்டுவதில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, 1,500 வோல்ட் நேர்மின்சாரமே பயன்பட்டது. 1960களில் அதனை விழுப்புரம் வரை, 130 கிலோமீட்டருக்கு மேல் நீட்டித்தபோது, 25,000 வோல்ட் மாறுமின்சாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரே அளவு சக்தியை உயர்ந்த வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் பாதியானால் கம்பியில் ஏற்படும் நஷ்டம் கால்பங்காகிவிடும். துணைமின் நிலையங்களையும் தொலைவில் ஒன்றாக அமைக்கலாம்.

நம் வயலில் 25,000 வோல்ட் கிடையாது. மும்முனையில் ஏறக்குறைய 415 வோல்ட்டே உண்டு. ஆகவே இங்குக் கம்பியின் பருமனே நமக்குத் துணை. மின்கம்பத்திலிருந்து 300 மீட்டர் தள்ளியுள்ள 5 குதிரைச் சக்தி மோட்டாருக்கு 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி போட்டால், வழியிலேயே 20 வோல்ட்டுக்கு மேல் குறையும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு ஏறக்குறைய 10 வோல்ட்டோடு நிற்கும். வோல்ட் குறைந்த மோட்டார், அதே வேலையைச் செய்ய அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடேறும். நாளடைவில் சுருள் கருகும். கம்பியில் மிச்சம் பிடித்த பணம் சுருள் கட்டுபவரிடம் சென்று சேரும்.

வழிகள் நான்கு

முதலாவது, மின்வாரியத்தின் இணைப்பு. தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்திற்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் கட்டணமின்றி வழங்குமாறு 2023ஆம் ஆண்டில் சலுகை உயர்த்தப்பட்டது. ஆதலின் இணைப்புக் கிடைக்கும் இடத்தில் இதனை விஞ்சும் வழி வேறில்லை. புதிய விவசாய இணைப்புக்குக் காத்திருக்க நேர்வதும், மும்முனை மின்சாரம் எல்லா நேரமும் சீராக இராமையுமே இதன் குறைகள்.

இரண்டாவது, டீசல். சிறு ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலில் சுமார் மூன்று யூனிட் தரும். லிட்டர் தொண்ணூறு ரூபாய் என்று கொண்டாலும், எரிபொருளுக்கு மட்டும் யூனிட் ஒன்றுக்கு முப்பது ரூபாய் ஆகிறது. இஞ்சினைப் பம்போடு நேரே பிணைத்தால், 5 குதிரைச் சக்திக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போதும். அதே நீரை ஜெனரேட்டரும் மோட்டாரும் வைத்து இறைத்தால் ஒன்றரை லிட்டர் செலவாகும். எனவே நீர் இறைப்பது மட்டுமே நோக்கமாயின் ஆயில் இஞ்சினே சிக்கனம்.

மூன்றாவது, சூரிய ஒளி. ஒரு கிலோவாட் பலகை நம் பகுதியில் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். 2019ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில், தனித்தியங்கும் சூரியப் பம்புக்கு மத்திய அரசும் மாநில அரசும் முப்பது முப்பது சதவீதம் மானியம் ஏற்பது என வகுக்கப்பட்டது. நிலக்கடலைக்குப் பகலில் நீர் பாய்ச்சினால் போதும் என்பவருக்கும், மின்கம்பம் எட்டாத நிலத்துக்கும் இது ஏற்றது. மழைக்காலத்தில் விளைவு குறையும். ஆனால் அப்போது பாசனத் தேவையும் குறைவே.

சூரியப் பலகை வைத்தால் மின்வெட்டே இராது என்று பலர் எண்ணுகின்றனர். மின்வாரியக் கம்பியோடு இணைந்து, மின்கலம் இன்றி இயங்கும் சாதாரண அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்வோரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது.

நான்காவது, மின்கலமும் இன்வெர்ட்டரும். இது மின்சாரத்தை உண்டாக்குவதன்று, சேமித்துத் தருவது. தறிக்கூடத்தின் விளக்குக்கும் விசிறிக்கும் மிகப் பொருத்தம். வீட்டு விளக்குக்கென வாங்கிய சிறு இன்வெர்ட்டரில் மோட்டாரைப் பொருத்தலாகாது.

இரு மூலங்கள் ஒருபோதும் சேரலாகாது

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. இத்தகைய நாட்களில் மாற்று வழியொன்று இருத்தல் நன்றே. ஆனால் மின்வாரியக் கம்பியைத் துண்டிக்காமல் ஜெனரேட்டரை வீட்டுச் சுற்றில் செருகுவது கொலைக்கு ஒப்பான செயல். அம்மின்சாரம் பின்னோக்கிச் சென்று, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட்டாக உயரக்கூடும். மின்சாரம் இல்லையென நம்பி, அறுந்த கம்பியைச் சீர்செய்யும் தொழிலாளி அதற்குப் பலியாவார். ஆகவே இரண்டில் ஒன்று மட்டுமே இணையுமாறு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்தல் கட்டாயம். மோட்டாருக்கு நல்ல எர்த்தும், ஒரு முனை போனால் தானே நிறுத்தும் காப்புக் கருவியும் இன்றியமையாதவை. இவற்றை உரிமம் பெற்றவரைக் கொண்டே அமைத்தல் வேண்டும்.

எதைத் தேர்வது?

கைத்தறி நெசவாளருக்கு எம் யோசனை: மின்வாரிய இணைப்பு, அதனோடு சிறு இன்வெர்ட்டர். இலவச யூனிட்டுக்குள் செலவு அடங்குபவர் சூரியப் பலகைக்குக் கடன் வாங்கினால், மிச்சமாவது யாதும் இல்லை. இணைப்புள்ள குடியானவர் தடித்த கம்பியிலும் காப்புக் கருவியிலும் பணம் இடுக. இணைப்பில்லாதவர், பகல் பாசனம் போதுமா என்று பார்த்துச் சூரியப் பம்பைக் கருதுக. அவசரத்துக்கு ஆயில் இஞ்சினை வாடகைக்குப் பெறலாம். ஆண்டில் சில நாட்களே வேண்டும் ஜெனரேட்டரை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதினும், சங்கம் ஒன்றை வாங்கி முறைவைத்து வழங்குவது கூட்டுறவுக்கு அழகு, செலவும் பகிரப்படும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. இனி மோட்டார்க் கடன் மனு ஒவ்வொன்றிலும் ஐந்து விவரங்களைக் கேட்டு எழுதுக: தேவையான கிலோவாட், நாள்தோறும் ஓடும் நேரம், கம்பத்திலிருந்து தூரம், மின்சாரத்தின் மூலம், அது நின்றால் மாற்று வழி. இவ்வைந்துக்கும் விடை எழுதப்பட்ட பின்னரே கடனை அனுமதிக்க வேண்டும். அங்கத்தினரின் பணமும், கம்பத்தில் ஏறுபவரின் உயிரும் அவ்விடைகளைப் பொறுத்தே நிற்கின்றன.