இணையப்பக்கச் செய்நிரலும் மலையக மாணாக்கரும்

எழுத்தறிவு என்பது படித்தல், எழுதுதல் ஆகிய இரண்டையும் உள்ளடக்கியது. பிறர் எழுதியதைப் படிக்க மட்டும் வல்லவன் பாதி எழுத்தறிவே உடையவன். இன்று இணையப்பக்கங்களைப் படிக்கும் பழக்கம் பதுளை நகரில் மட்டுமன்றிப் பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளைத் தோட்டங்களிலும் மாணாக்கரிடையே பரவியுள்ளது. அப்பக்கங்களை இயக்கும் செய்நிரலை எழுதப் பயில்வதோ மற்றைப் பாதி. அக்கல்வி யாது, புதிதாய்ப் புகுவோன் எங்கே தொடங்கல் வேண்டும், எங்கே இடறுவான், அதனால் நம் மலையகத்துக்கு விளையும் பயன் யாது என்பவற்றைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையப்பக்கம் மூன்று கூறுகளால் ஆயது. தலைப்பு, பந்தி, படம், பெட்டி என்னும் உறுப்புக்களை வகுப்பது எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழி. நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றால் அவ்வுறுப்புக்களுக்கு அழகு தருவது சி.எஸ்.எஸ். என்பது. படிப்போன் பொத்தானை அழுத்தியவழிக் கணக்கிட்டு விடை தருதல், பிழையான உள்ளீட்டை மறுத்தல் முதலிய தொழில்களை ஆற்றுவது செய்நிரல். இவற்றுள் குறிமொழியை வகுத்தவர், ஜெனீவா நகரையடுத்த சேர்ன் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பார். 1989 இல் அவர் முன்வைத்த திட்டமே உலகளாவிய வலையாக வளர்ந்தது. 1993 ஏப்பிரல் 30 அன்று அந்நிலையம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு பொதுவுடைமையாக்கியது. செய்நிரலுக்கான ஜாவாஸ்கிரிப்ற் மொழியின் முதலுருவை 1995 மே மாதத்தில் நெற்ஸ்கேப் நிறுவனத்தாருக்காகப் பிரெண்டன் ஐக் என்பார் 10 நாட்களில் ஆக்கினார். மோக்கா எனவும் லைவ்ஸ்கிரிப்ற் எனவும் முன்னர் வழங்கிய அது, அவ்வாண்டு திசெம்பரில் இப்பெயர் பெற்றது. ஜாவா என்பது வேறொரு மொழி. பெயரொற்றுமை கொண்டு இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

இக்கல்விக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. எழுதுதற்கு ஓர் எளிய எழுத்துப்பதிப்பானும், எழுதியதை இயக்கிக் காண்பதற்கு ஒரு மேலோடியும் இருப்பின் அமையும். ஜாவாஸ்கிரிப்ற் மொழியை விளங்கி நிறைவேற்றும் பொறி மேலோடியினுள்ளேயே அமைந்துள்ளது. ஆதலின் கணினியிற் சேமித்த கோப்பினைத் திறந்து இயக்குதற்கு இணைய இணைப்புத் தானும் வேண்டுவதில்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்து, மலையகப் பிள்ளைகள் பலர் அலைவரிசை தேடி மேடுகளில் ஏறி நின்றமையை நாம் அறிவோம். அத்தகைய இடங்களில் வாழ்வார்க்கு இஃதோர் அரிய வாய்ப்பு. பாடநூலும் பாடசாலைக் கணினி ஒன்றும் கிடைப்பின், பயிற்சியை இணைப்பின்றியே நடத்தலாம்.

ஆங்கிலம் வல்லார்க்கே இக்கல்வி கைகூடும் என்பாரும் உளர். அது முற்றும் பொருந்தாது. இம்மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன என்பது மெய்யே. ஆனால் தொடக்கத்தில் வேண்டப்படுவன சிலவே. ‘இஃப்’ என்பது ‘ஆயின்’ எனவும், ‘எல்ஸ்’ என்பது ‘அன்றேல்’ எனவும் பொருள்படும். மதிப்புக்களைத் தாங்கும் மாறிகளுக்கோ தமிழிலேயே பெயரிடலாம். மேலோடி அதனை ஏற்றுக்கொள்ளும்.

இனி, ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தோட்டத்திற் கொழுந்து காலை, பகல், மாலை என மூன்று முறை நிறுக்கப்படுகின்றதெனக் கொள்வோம். அன்றைய கூலியைக் கணக்கிடும் பக்கம் ஒன்றை மாணாக்கி ஒருத்தி அமைக்கின்றாள். பெட்டிகள் மூன்றில் 7, 6, 5 என எண்களை இட்டு, ‘மொத்தம் = காலை + பகல் + மாலை’ என எழுதுகின்றாள். விடை 18 அன்று. 765 என வருகின்றது. காரணம் யாது? பெட்டியில் இட்டவற்றை மேலோடி எண்ணாகக் கொள்ளாது எழுத்தாகவே செய்நிரலிடம் கொடுக்கின்றது. எழுத்துக்களுக்கிடையே வரும் கூட்டற்குறி அவற்றைக் கூட்டுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுகின்றது. பெருக்கற்குறியோ அவற்றை எண்ணாக மாற்றிப் பெருக்கிவிடும். எண் வேறு, எழுத்து வேறு என்னும் இவ்வேறுபாடே புதிதாய்ப் பயில்வோன் தெளியவேண்டிய முதற்பாடமாகும். ‘நம்பர்’ என்னும் செயற்கூற்றினால் ஒவ்வோர் உள்ளீட்டையும் முதலில் எண்ணாக்கிய பின்னர்க் கூட்டினால் 18 என்னும் விடை கிடைக்கும்.

அச்செயற்கூற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘7 கிலோ’ என எழுதினால் ‘எண்ணன்று’ என அது அறிவிக்கும். பகற்பெட்டியை வெறுமையாக விட்டாலோ, யாதும் உரையாது அதனைச் சுழியம் எனக் கொள்ளும். நிறுத்த கொழுந்து எழுத மறந்தமையால் இல்லாத கொழுந்தாகிவிடும். ஆதலின் பெட்டி வெறுமையாயின் கணக்கிடாது நிறுத்துமாறு செய்நிரலில் எழுதல் வேண்டும்.

அடுத்தது நிபந்தனை. குறித்த நிறைக்குக் குறைவாகப் பறித்தார்க்கு அரைப்பேர் இடும் வழக்கத்தைத் தோட்டத்தார் அறிவர். 2021 மார்ச்சில் வர்த்தமானி வாயிலாக நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டது. அதன் பின்னரும் தொகை உயர்ந்துள்ளது. கணக்கு விளங்குதற்பொருட்டு 1000 ரூபாவையும், குறித்த நிறையாக 18 கிலோவையும் கொள்வோம். ‘மொத்தம் > 18 ஆயின் முழுப்பேர், அன்றேல் அரைப்பேர்’ என எழுதியவழி, சரியாக 18 கிலோ பறித்தவளுக்கு 500 ரூபாவே கிடைக்கும். ஏனெனில் 18 என்பது 18 இலும் பெரிதன்று. ‘பெரிது அல்லது சமன்’ எனப் பொருள்படும் ‘>=’ என்னும் குறியை இட்டாற்றான் அவளுக்கு முழுப்பேர் உண்டு. ஒரு குறியின் விலை அரைநாட் கூலி. இங்குக் கணினி பிழை செய்யவில்லை. எழுதியதை எழுதியவாறே நிறைவேற்றியது. எழுதினோன் கருதியது யாதென அது அறியாது. தொகையும் நிறையும் மாறுவன ஆதலின், அவற்றைச் செய்நிரலின் தலைப்பில் மாறிகளாக ஒருமுறை மட்டும் எழுதி வைத்தல் நலம்.

தமிழ் மாணாக்கர் அறியவேண்டிய மற்றொன்றும் உளது. ‘பதுளை’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை எனின், ப, து, ளை என மூன்று என்பர் நம் இலக்கண நூலார். நீளம் யாதென ஜாவாஸ்கிரிப்ற் மொழியிற் கேட்பின் 5 என விடை வரும். ஒருங்குறி முறையில் உகர, ஐகாரக் குறிகள் தனித்தனி இடம் பெறுகின்றமையே இதன் காரணம். ‘பண்டாரவளை’ இலக்கணப்படி 6 எழுத்து; செய்நிரற்படி 9. பெயர்ப்பெட்டிக்கு 8 என எல்லை வகுத்தால், ஐகாரக் குறியை இழந்து ‘பண்டாரவள’ என நிற்கும். ஊர்ப்பெயர்க்கு நேர்வது ஆட்பெயர்க்கும் நேரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயருமாகி அலைக்கழிந்தோர் வாழும் நம் மண்ணில் இது சிறு பிழையன்று. தமிழெழுத்தை நாம் எண்ணுமாறே எண்ணித்தரும் ‘செக்மென்ரர்’ என்னும் கருவி 2024 அளவில் முதன்மையான மேலோடிகள் யாவற்றிலும் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அதனைப் பயன்படுத்தல் வேண்டும் என்னும் உணர்வு தமிழறிந்தார்க்கே எளிதில் தோன்றும்.

நிற்க. பயிலும் முறை யாதெனின், விடை முன்னரே தெரிந்த கணக்கினையே முதலிற் கொடுத்துப் பார்த்தலாகும். மேற்கூறிய பக்கத்தை 17, 18, 19 ஆகிய மூன்று நிறைகளாலும் சோதித்தல் வேண்டும்; பிழை பெரும்பாலும் எல்லைக்கோட்டிலேயே மறைந்திருக்கும். எவ்வெண்ணும் இடாமலும், எண்ணுக்குப் பதில் சொல் இட்டும் சோதித்தல் வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் சோதித்தல் இன்னும் சிறந்தது. வகுப்பில் ஒரு கணினியே உள்ளதாயினும், மாணாக்கர் தாளில் எழுதி, அடுத்தவர் தாளைக் கையால் இயக்கிப் பார்க்கலாம். ஆசிரியரும் விடையைக் கூறுதலினும், ‘765 என ஏன் வந்தது?’ என வினவி நிற்றலே தக்கது.

இக்கல்வியால் வேலைவாய்ப்பு உண்டென்பது பலரும் கூறுவதே. 2005 இற் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திற் கணினித்துறைப் பட்டப்படிப்பும் உண்டு. அதனை நாடுவார்க்கு இது நல்ல படிக்கல். எனினும் அதனினும் அணித்தான பயன் ஒன்று உளது. தோட்டத்திற் பேர் பதிதலும் நிறை குறித்தலும் நெடுங்காலமாகக் கணக்கப்பிள்ளைமாரின் தொழில்; செக்றோலில் எழுதப்பட்டதே கூலியாகும். அக்கணக்கு நாளடைவிற் கணினிக்கு மாறினும், அதன் நிபந்தனைகளை எவரோ ஒருவர் எழுதியே ஆகவேண்டும். கணினி காட்டிய தொகை என்பதனால் அது சரியெனக் கொள்ளாது, எந்தக் குறியால் அத்தொகை வந்ததென வினவ வல்ல பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். தாயின் மாதச் சம்பளச் சீட்டை எடுத்து வைத்து, அதன் கூட்டலையும் கழித்தலையும் தான் எழுதிய பக்கத்தில் ஒப்புநோக்குவதையே முதற்பயிற்சியாக மாணாக்கர் மேற்கொள்வாராக.